வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் கரண்டு கணக்கு நம் கையில்



முன்பெல்லாம் நம் குழுக்களில் கடன் கேட்டால் கறவை மாடு, ஆடு, தையல் மெஷின் என்றுதான் எழுதுவோம். இப்போது இரும்பை, கோட்டக்கரை, இடையஞ்சாவடி, திருச்சிற்றம்பலம் கூட்டு ரோடு என்று எந்தப் பக்கத்துக் குழுவைக் கேட்டாலும் இட்லி மாவு கிரைண்டர், மிளகாய்த்தூள் அரைக்கும் மெஷின், பவர் தையல் மெஷின் என்று கரண்டில் ஓடும் சாமான்கள்தான் அதிகம். நல்ல விஷயம். ஆனால் மெஷின் வாங்கப் போகும்போது என்ன நடக்கிறது? கடைக்காரர், "2 எச்.பி. மேடம், சிங்கிள் பேஸ்லயே ஓடும்" என்கிறார். ஒயர்மேன், "இந்த ஒயர் தாங்காதுக்கா, மாத்தணும்" என்கிறார். ஈ.பி. ஆபீஸில், "எத்தனை கிலோவாட் லோடு?" என்று கேட்கிறார்கள். நாம் மூன்று பேருக்கும் தலையாட்டிவிட்டு வருகிறோம். இரண்டு மாதம் கழித்து பில் வந்த பிறகுதான் கண்ணைத் திறந்து பார்க்கிறோம்.

உண்மையில் அந்த மூன்று பேரும் பேசுவது ஒரே கணக்கைத்தான். நம் பிள்ளைகளின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இருக்கிற கணக்கு. ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல், அவ்வளவுதான். நூற்றுக்கு இத்தனை வட்டி, மாதத் தவணை இவ்வளவு என்று பைசா பிசகாமல் கணக்கு எழுதுகிற நமக்கு இது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. வாருங்கள், போட்டுப் பார்ப்போம்.

வோல்ட், ஆம்பியர், ஓம், வாட்

ஊரில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது அல்லவா? தொட்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு வேகமாகத் தண்ணீர் குழாயைத் தள்ளிக்கொண்டு வரும். கரண்டில் இந்தத் தள்ளும் வேகத்துக்குப் பெயர் வோல்ட், அதாவது மின்னழுத்தம். நம் வீட்டுக்கு வருவது ஏறக்குறைய 230 வோல்ட். குழாயில் ஒரு நொடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது போல, ஒயரில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பது ஆம்பியர், மின்னோட்டம். குழாய் ஒல்லியாக இருந்தால், அடைப்பு இருந்தால் தண்ணீர் குறையும். அப்படிக் கரண்டைத் தடுக்கும் குணத்துக்கு மின்தடை என்று பெயர். அதை ஓம் என்ற அளவில் சொல்வார்கள். கடைசியாக வாட். எல்லாம் சேர்ந்து ஒரு நொடியில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதைச் சொல்வது வாட், மின்திறன்.

இனி கணக்கு:

வோல்ட் × ஆம்பியர் = வாட்
வோல்ட் ÷ ஆம்பியர் = ஓம்

வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் மற்ற இரண்டும் தானாக வந்துவிடும். இதில் இரண்டாவது கணக்கைக் கண்டு சொன்னவர் ஜெர்மனி நாட்டில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம். 1827இல் புத்தகமாகப் போட்டார். அவர் ஊரில் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. மனம் நொந்து வேலையையே விட்டுவிட்டார். 1841இல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி அவருக்குப் பதக்கம் கொடுத்த பிறகுதான் சொந்த ஊரிலும் மரியாதை கிடைத்தது. நம் பெண்கள் பலருக்கும் தெரிந்த கதைதான் இது!

ஒரு துணி தேய்க்கும் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் அடியில் 230 வோல்ட், 1000 வாட் என்று எழுதியிருக்கும். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர்: 1000 ÷ 230 = 4.35 ஆம்பியர். வோல்ட்டை இந்த ஆம்பியரால் வகுத்தால் ஓம்: 230 ÷ 4.35 = ஏறக்குறைய 53 ஓம். இந்த 53 ஓம் எதற்கு உதவும் என்று கேட்கலாம். பெட்டி சூடாகவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து பிளக்கின் இரண்டு சின்ன பின்களில் வைத்துப் பார்ப்பார்கள். 50க்குப் பக்கத்தில் எண் காட்டினால் காயில் நன்றாக இருக்கிறது, கோளாறு வேறு எங்கோ. எண்ணே வரவில்லை என்றால் காயிலோ, பெட்டிக்குள் இருக்கும் வேறு இணைப்போ, ஒயரோ எங்கோ அறுந்திருக்கிறது. பல வீட்டில் ஒயர் மட்டும் அறுந்த பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கிறது. ஓம் பார்க்கும்போது பிளக் சுவிட்ச் போர்டில் இருக்கவே கூடாது, இதை மட்டும் மறக்க வேண்டாம்.

இந்த ஓம் கணக்கு சூடு தருகிற சாமானுக்கு, அதாவது தேய்ப்புப் பெட்டி, வெந்நீர் ராடு, கரண்டு அடுப்பு இவற்றுக்கு நேராகப் பொருந்தும். மோட்டார் உள்ள சாமானுக்கு வேறு மாதிரி. அதற்குப் பிறகு வருவோம்.

பில்லைத் தின்பது யார்?

1000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 100 வாட் சாமான் பத்து மணி நேரம் ஓடினாலும் அதே ஒரு யூனிட்தான். வாட்டை மணியால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் யூனிட் கிடைக்கும்.

நம் வீடுகளில் "மிக்ஸி ரொம்ப கரண்டு இழுக்கும்" என்று மாமியார் மருமகளுக்குள் பேச்சு வருவது உண்டு. கணக்கு என்ன சொல்கிறது பாருங்கள். மிக்ஸி 550 வாட். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு ஐந்தரை யூனிட். 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பல வீடுகளுக்குக் கிடைத்த மாதிரியான டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட் என்று வைத்துக்கொண்டால், தினம் அரை மணி ஓட்டினாலும் இரண்டு மாதத்துக்கு நாலரை யூனிட். ஆனால் பழைய சீலிங் ஃபேன் 75 வாட். தினம் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட்! சத்தம் போடுகிறவர் மேல் பழி, சத்தம் இல்லாமல் சுற்றுகிறவர் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். இப்போது வருகிற பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் ஓடுகிறது. அதே பத்து மணி நேரத்துக்கு 18 யூனிட்தான் ஆகும். 2016 மே மாதம் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணம் இல்லை என்று வந்தது நமக்கெல்லாம் தெரியும். அந்த 100ஐத் தாண்டுகிறோமா இல்லையா என்பதை இரண்டு ஃபேன்களே முடிவு செய்துவிடும்.

வெந்நீர் ராடு இன்னொன்று. 1500 வாட். தினம் இருபது நிமிடம் என்றால் அரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். பில்லைவிட இதில் கவனிக்க வேண்டியது ஆம்பியர். 1500 ÷ 230 = ஆறரை ஆம்பியர். வீட்டில் விளக்கு, ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன பிளக் பாயிண்ட் 5 அல்லது 6 ஆம்பியர் தாங்குவது. அதில் ராடு போடக்கூடாது. பெரிய 15, 16 ஆம்பியர் பாயிண்டில்தான் போட வேண்டும். சின்ன பாயிண்ட் கறுத்துப் போயிருந்தால் அது சொல்லும் சேதி இதுதான்.

மீட்டரே சொல்லும்

ஆம்பியர் அளக்க ஒயர்மேன்கள் டாங் டெஸ்டர் என்று ஒரு கருவி வைத்திருப்பார்கள். இடுக்கி மாதிரி வாயைத் திறந்து ஒரே ஒரு ஒயரைச் சுற்றிப் பிடித்தால் ஆம்பியர் காட்டும். இரண்டு ஒயரையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம்தான் காட்டும். போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றை ஒன்று அடித்துவிடும்.

அது நம்மிடம் இல்லை. ஆனால் வீட்டு வாசலில் ஈ.பி. மீட்டர் இருக்கிறதே! டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பக்கத்தில் 3200 என்றோ 1600 என்றோ ஒரு எண் அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அந்த விளக்கு அத்தனை முறை சிமிட்டும் என்று அர்த்தம். 3200 என்று வைத்துக்கொள்வோம். கையில் கடிகாரத்தோடு நின்று ஒரு நிமிடத்தில் எத்தனை சிமிட்டல் என்று எண்ணுங்கள். 16 வந்தால், ஒரு மணிக்கு 16 × 60 = 960 சிமிட்டல். அதை 3200ஆல் வகுத்தால் 0.3. அதாவது அந்த நேரத்தில் வீடு 0.3 கிலோவாட், 300 வாட் இழுத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு சாமானின் வாட் மட்டும் வேண்டும் என்றால் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு அதை மட்டும் போட்டு எண்ணலாம். லேபிள் கிழிந்துபோன பழைய மெஷினுக்கு இது நல்ல வழி. 1000 வாட் தேய்ப்புப் பெட்டியைப் போட்டால் நிமிடத்துக்கு 53 சிமிட்டல் வர வேண்டும். போட்டுப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்து, டிவி, செல் சார்ஜர் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டரைப் பாருங்கள். விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் எங்கோ கரண்டு கசிகிறது, அல்லது நம் மீட்டரில் இருந்து வேறு எங்கோ போகிறது. ஒயர்மேனைக் கூப்பிட வேண்டிய நேரம்.

மோட்டார் வாங்கும் முன்

மோட்டாரை எச்.பி.யில் சொல்வது நம் ஊர் வழக்கம். குதிரைத்திறன் என்று அர்த்தம். ஒரு எச்.பி. 746 வாட். ஆனால் 1 எச்.பி. மோட்டார் 746 வாட் இழுக்கும் என்று நினைத்தால் பில் வரும்போது ஏமாந்து போவோம். 746 என்பது மோட்டார் வெளியே கொடுக்கிற வேலை. உள்ளே வாங்குவது அதைவிட அதிகம். காயில் சூடாவது, பேரிங் உரசுவது, காற்றாடி சுற்றுவது என்று ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். நாம் உழைத்ததெல்லாம் கையில் கூலியாக வருகிறதா என்ன?

மோட்டாரில் இன்னொரு சங்கதி. அது தன்னைக் காந்தமாக்கிக்கொள்ள கொஞ்சம் கரண்டை வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுக்கும். அதனால் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் எண் முழுவதும் வாட் ஆகாது. அதைப் பவர் ஃபேக்டர் என்ற ஒரு எண்ணால் மறுபடி பெருக்க வேண்டும். சின்ன மோட்டார்களுக்கு 0.8 என்று போட்டால் ஓரளவு சரியாக வரும். மோட்டாரின் தகட்டிலேயே எழுதியிருந்தால் அந்த எண்ணைப் போடலாம்.

இப்போது ஒரு குழு மிளகாய், மல்லி அரைக்கும் மெஷின் வாங்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 எச்.பி. மோட்டார், தகட்டில் 12 ஆம்பியர். 230 × 12 × 0.8 = 2208 வாட். மணிக்கு 2.2 யூனிட். தினம் நாலு மணி நேரம், மாதத்துக்கு 25 நாள் என்றால் இரண்டு மாதத்தில் 200 மணி, 440 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் 3,520 ரூபாய். உண்மையான விலை நம் இணைப்பு எந்த வகை என்பதைப் பொறுத்தது. விற்பனைக்கு அரைக்கிற மெஷினை வீட்டு இணைப்பில் ஓட்டக்கூடாது, அதற்குக் கட்டண வகையே வேறு. மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஈ.பி. ஆபீஸில், "இத்தனை கிலோவாட் லோடு, இன்ன தொழில், எந்தக் கட்டணம் வரும்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

"அவ்வளவா? அப்ப சின்ன மோட்டாரா 1 எச்.பி. வாங்கிடுவோம்" என்று கூட்டத்தில் ஒரு குரல் வரும். அதையும் கணக்கில் பார்ப்போம். 1 எச்.பி. ஆறரை ஆம்பியர் என்றால் 230 × 6.5 × 0.8 = 1196 வாட், மணிக்கு 1.2 யூனிட். 8 ரூபாய் கணக்கில் மணிக்கு 9 ரூபாய் 60 பைசா. பெரியதற்கு 17 ரூபாய் 60 பைசா. ஆனால் பெரியது மணிக்குப் பத்து கிலோ அரைத்து, சின்னது நாலு கிலோதான் அரைத்தால்? பெரியதில் கிலோவுக்கு 1 ரூபாய் 76 பைசா. சின்னதில் 2 ரூபாய் 40 பைசா. கரண்டும் கூட, நம் நேரமும் கூட. சில மெஷினில் இது தலைகீழாகவும் இருக்கலாம். அதனால் கடைக்காரரிடம் எச்.பி. மட்டும் கேட்காதீர்கள். தகட்டில் எத்தனை ஆம்பியர், மணிக்கு எத்தனை கிலோ என்று இரண்டையும் கேளுங்கள். நம் சொந்த மிளகாயைக் கொண்டுபோய் எதிரிலேயே அரைத்துக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. மணிக்கு இத்தனை கிலோ என்று நோட்டீஸில் அச்சடித்ததை நாங்கள் அப்படியே நம்புவதில்லை.

ஒயரில் போகும் காசு

கரண்டு ஓடும்போது ஒயரும் தடுக்கும். ஒயர் ஒல்லியாகவும் நீளமாகவும் இருந்தால் தடை அதிகம். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 18 ஓம். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு ஏழரை ஓம்.

மீட்டரில் இருந்து 30 மீட்டர் தள்ளிக் கொட்டகையில் நம் 12 ஆம்பியர் மெஷினைப் போடுகிறோம். போக 30, வர 30, மொத்தம் 60 மீட்டர் ஒயர். 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்றால் தடை 1.1 ஓம். அதில் 12 ஆம்பியர் ஓடினால் 12 × 1.1 = 13 வோல்ட் வழியிலேயே போய்விடும். 230 புறப்பட்டு 217தான் மெஷினுக்குப் போய்ச் சேரும். அந்த 13 வோல்ட் என்ன ஆனது? சூடாகிறது. 13.2 × 12 = 158 வாட். 200 மணி நேரத்துக்கு 31 யூனிட்டுக்கு மேல், ஒயரைச் சூடாக்க மட்டும்! 2.5 ஒயர் போட்டிருந்தால் இழப்பு 65 வாட். 8 ரூபாய் கணக்கில் பில்லுக்குப் பில் 150 ரூபாய் வித்தியாசம். ஒயர்மேன் "ஒயர் மாத்தணும்" என்றால் அவர் காசு பார்க்கிறார் என்று உடனே நினைக்க வேண்டாம். ஆம்பியர், நீளம், ஒயர் அளவு இந்த மூன்றையும் கேட்டுவிட்டு நாமே கணக்குப் போட்டு முடிவு செய்யலாம்.

காசை விடுங்கள். மீதி ஒயரைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு மெஷினை ஓட்டுவார்கள். சுருட்டிய இடத்தில் சூடு வெளியேற வழி இல்லை. பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிப்பது அங்கேதான். ஒயரை முறுக்கி டேப் சுற்றிய இடம் இன்னும் மோசம். அந்த ஒரு விரல் அகல இணைப்பில் அரை ஓம் தடை இருந்தால்கூட 12 × 12 × 0.5 = 72 வாட். எரிகிற 60 வாட் குண்டு பல்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். கூரைக் கொட்டகையில் அப்படி ஒரு இணைப்பு இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊர்க் கடைசி வீட்டில் லோ வோல்டேஜ் வருவதும் இதே கணக்குதான். ட்ரான்ஸ்ஃபார்மரில் இருந்து நீளமான லைன், அதில் பல வீட்டு ஆம்பியர். இதனால்தான் மின்சாரத்தைத் தூரத்தில் இருந்து கொண்டுவரும்போது வோல்ட்டை ஏற்றி அனுப்புகிறார்கள். 23,000 வாட்டை 230 வோல்ட்டில் அனுப்பினால் 100 ஆம்பியர். ஒயரின் தடை ஒரு ஓம் என்றாலே 100 × 100 × 1 = 10,000 வாட் வழியில் காலி. அதையே 11,000 வோல்ட்டில் அனுப்பினால் 2.1 ஆம்பியர்தான், இழப்பு வெறும் நாலரை வாட். நம் ஊர் ட்ரான்ஸ்ஃபார்மர் வரை 11,000 வோல்ட் லைன் வருவது இதற்காகத்தான்.

வோல்டேஜ் 180க்கு இறங்கினால் என்ன ஆகும்? தேய்ப்புப் பெட்டி பாவம், சாது. தடை 53 ஓம் மாறாது. 180 ÷ 53 = 3.4 ஆம்பியர், வாட் 612. சூடு குறையும், அவ்வளவுதான். மோட்டார் அப்படி இல்லை. இழுக்க வேண்டிய சுமை குறையவில்லை, தள்ளும் வேகம் குறைந்துவிட்டது. அதனால் கூடுதல் ஆம்பியரை இழுத்து ஈடுகட்டப் பார்க்கும். 12 ஆம்பியர் 15 ஆனால் காயிலில் சூடு எவ்வளவு கூடும்? 12 × 12 = 144. 15 × 15 = 225. ஒன்றரை மடங்குக்கு மேல். "நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு, திடீர்னு காயில் போயிடுச்சு" என்பதன் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். காயில் கட்டும் செலவு, அதோடு பத்து நாள் வேலை போச்சு, தவணை மட்டும் நிற்காது. மெஷின் பக்கத்தில் ஒரு வோல்ட் மீட்டர் மாட்டிவிடுவது பெரிய செலவில்லை. 200க்குக் கீழே காட்டினால் மாவு நாளைக்கு அரைத்துக்கொள்ளலாம்.

ஈரக் கையும் ஃபியூஸும்

கடைசியாக ஒரு கணக்கு. இதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத வேண்டும் என்று நினைத்தோம்.

நம் உடம்புக்கும் மின்தடை உண்டு. காய்ந்த தோல் பல ஆயிரம் ஓம் தடுக்கும். மாவு அரைக்கும்போது நம் கை எப்படி இருக்கும்? ஈரம். வெறும் கால், ஈரத் தரை. அப்போது உடம்பின் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். கிரைண்டர் உடம்பில் கரண்டு கசிகிறது, நாம் தொடுகிறோம். 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர். மில்லி ஆம்பியரில் சொன்னால் 230.

பத்து மில்லி ஆம்பியர் தாண்டினாலே கை இறுகிப் பிடித்துக்கொள்ளும், விட முடியாது. 30ஐத் தாண்டினால் மூச்சுக்கு ஆபத்து. 50, 100 என்று போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 230 என்றால் எங்கே நிற்கிறோம் பாருங்கள்.

"அதான் ஃபியூஸ் போயிடுமே" என்று பலர் சொல்கிறார்கள். ஃபியூஸ் கட்டையில் இருப்பது 5 ஆம்பியர் கம்பி. ஓடுவது கால் ஆம்பியருக்கும் குறைவு. ஃபியூஸுக்கு அது ஒரு ஃபேன் ஓடுகிற மாதிரி. ஒரு ஆள் சாகும் வரை அது அசையாது. ஃபியூஸும் எம்.சி.பி.யும் ஒயரைக் காப்பாற்ற வைத்தவை, நம்மைக் காப்பாற்ற அல்ல. ஆளைக் காப்பாற்றுவதற்கு இருப்பது ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்ச். போன கரண்டும் திரும்பிய கரண்டும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் போனாலே கண் இமைக்கும் நேரத்தில் மொத்தத்தையும் அணைத்துவிடும். அதில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். எங்களைக் கேட்டால், மெஷின் கடன் போடும்போதே இதன் விலையையும் சேர்த்துப் போட வேண்டும் என்போம்.

மூன்றாவது பின் எதற்கு என்பதும் இதில் விளங்கிவிடும். எர்த் ஒயர் நன்றாக இருந்தால், கிரைண்டர் உடம்பில் கசிகிற கரண்டு நம் 1000 ஓம் வழியை விட்டுவிட்டு எர்த்தின் குறைந்த தடை வழியாக மண்ணுக்குப் போகும். எர்த்தின் தடை 2 ஓம் என்றால் 230 ÷ 2 = 115 ஆம்பியர். அப்போது ஃபியூஸ் உடனே போகும். ஆனால் நம் பக்கத்துச் செம்மண் சித்திரை வைகாசியில் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காய்ந்த மண்ணில் எர்த் தடை 40 ஓம் ஆனால் 230 ÷ 40 = 5.75 ஆம்பியர்தான். 15 ஆம்பியர் ஃபியூஸ் கண்டுகொள்ளவே கொள்ளாது, மெஷின் உடம்பு கரண்டோடு நிற்கும். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது இதற்குத்தான். செடிக்கு ஊற்றும்போது அதற்கும் ஒரு குடம் ஊற்றுங்கள். மூன்று பின் பிளக்கில் ஒரு பின்னை உடைத்து இரண்டு பின் பாயிண்டில் சொருகுகிறவர்கள் இந்தப் பாராவை இரண்டு முறை படிக்கவும்.

மழைக்காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நம் மாவட்டத்தில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில், கை கால் நனையாமல் போக முடிந்தால் மட்டும், மெயின் சுவிட்சை இறக்குங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு தொடவே வேண்டாம். அறுந்து கிடக்கும் லைன் பக்கம் பிள்ளைகளையும் மாட்டையும் விடாமல் 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கிரைண்டர், மோட்டார் நனைந்திருந்தால் வெயிலில் ஒரு நாள் வைத்துவிட்டு உடனே போட்டுப் பார்க்காதீர்கள். ஒயர்மேனிடம் கொடுத்து, காயிலுக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவில் எவ்வளவு தடை என்று மெக்கர் கருவியில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே மட்டும் ஓம் எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. லட்சக் கணக்கில் வர வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் மூன்று எண்களை எழுதி எடுத்து வாருங்கள். உங்கள் மெஷின் தகட்டில் உள்ள ஆம்பியர், மீட்டரில் இருந்து மெஷின் வரை எத்தனை அடி ஒயர், மெஷின் ஓடும்போது மீட்டர் விளக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை சிமிட்டல். மீட்டரில் அச்சிட்ட 3200, 1600 எண்ணையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். தவணை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினால் தொலையாது. கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து கணக்குப் போடுவோம்.